பிரம்பின் கதை: தஞ்சை வட்டாரப் பள்ளிக்கூடங்களில் அடியும் படிப்பும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும் தகப்பனார்கள் வாத்தியாரிடம் வழக்கமாகச் சொல்லும் வாசகம் ஒன்று இருந்தது. "கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுடுங்க சார். மத்தபடி தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்." தமிழ்நாடு முழுக்கவே இந்த வசனம் உண்டு என்றாலும், திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருந்த காவிரிக் கரையில் இதற்கு வயது அதிகம். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது ஓர் உரிமைப் பத்திரம். அடிக்கும் உரிமையைத் தகப்பன் வாத்தியாருக்கு வாய்மொழியாக எழுதிக் கொடுக்கிறான்.

பள்ளிக்கூட வன்முறை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வாத்தியாரை மட்டும் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் பிரம்பு அவர் கையில் தானாக முளைத்துவிடவில்லை. பெற்றோர் கொடுத்தார்கள், ஊர் கொடுத்தது, பின்னால் சர்க்காரும் கொடுத்தது. இத்தனை பேர் சேர்ந்து கொடுத்ததை ஒரே ஒரு அரசாணையால் பிடுங்கிவிட முடியுமா என்பதுதான் இந்தக் கதையில் உள்ள சிக்கல்.

1822ஆம் வருஷம் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்குக் கேட்டார். கலெக்டர்கள் அனுப்பிய பதில்களைச் சேர்த்தபோது மாகாணத்தில் 11,575 பள்ளிக்கூடங்களும், அவற்றில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருப்பதாகத் தெரிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் 884 பள்ளிக்கூடங்கள். வேதம், சாஸ்திரம் முதலிய உயர்படிப்புக்கான இடங்கள் 109. தரம்பால் 1983இல் வெளியிட்ட "அழகிய மரம்" என்ற ஆங்கிலப் புத்தகம் இந்தக் கணக்குகளைத் திரட்டித் தந்தது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம்மிடம் பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்ல விரும்புகிறவர்கள் எல்லாரும் கையில் எடுக்கும் புத்தகம் அது. அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அதே புத்தகத்தில் பல்லாரி கலெக்டர் அலெக்ஸாண்டர் கேம்ப்பெல் 1823இல் எழுதிய கடிதமும் இருக்கிறது. அதன் சில பத்திகளை மட்டும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்!

அந்தக் கடிதம் சொல்லும் விஷயம் இது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது பையனுக்கு லேசாக ஓர் அடி. நாலாவது பையனுக்கு இரண்டு. இப்படி வர வர ஓர் அடி கூடிக்கொண்டே போகும். முப்பது பேர் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பையன் கதி என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீடு தூரமாக இருந்தாலும் இதே கதிதான். இதற்கு மேல் சோம்பேறிப் பையன்களை இரண்டு கையையும் கட்டி மேற்கூரையிலிருந்து தொங்கவிடுவதும், விடாமல் உட்கார்ந்து எழுந்திருக்க வைப்பதும் உண்டு என்று கலெக்டர் எழுதுகிறார். முன்னது தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் "கோதண்டம்" என்று பெயர் பெற்றது. பின்னது தோப்புக்கரணம். தோப்புக்கரணம் உடம்புக்கு நல்லதாகவும் இருக்கலாம் என்று கலெக்டர் துரை ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்.

பல்லாரி எங்கே, தஞ்சாவூர் எங்கே என்று கேட்கலாம். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையின் திண்ணைப் பள்ளிக்கூடமும் அதே அச்சுதான். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சாமிநாதையர் (பிறப்பு 1855) அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில்தான் எழுத்து கற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகுவது, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவது, மேலே ஒரு வாத்தியார், அவருக்குக் கீழே ஒரு சட்டாம்பிள்ளை, எல்லாருக்கும் மேலே பிரம்பு. அந்தக் காலத்துப் படிப்பையும் தண்டனைகளையும் அவர் பின்னாளில் எழுதி வைத்ததால்தான் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிகிறது.

எதற்காக இவ்வளவு அடி? வாத்தியார்கள் எல்லாரும் கொடியவர்கள் என்பது பதில் ஆகாது. என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாத்து. எண்சுவடியில் காணி என்றால் 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. அதற்குக் கீழே கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400! இந்தப் பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடு முழுவதும் மனப்பாடமாக வேண்டும். நெல்லிலக்கம் நெல் அளவைக் கணக்கு: எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குழிமாத்து நிலத்தின் பரப்பளவுக்கு. மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கும் கிராமக் கர்ணத்துக்கும் இது சோறு போடும் வித்தை. களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, நாக்கு நுனியில் இருக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் மூளையில் இதை ஏற்றுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த குறுக்கு வழி பயம்.

வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்ததும் பெற்றோர்தான். காசாகக் கொஞ்சம், அறுவடைக்கு நெல்லாகக் கொஞ்சம், பண்டிகைக்குக் கொஞ்சம். பையன் வீட்டில் ஒப்பிக்காமல் விழித்தால் நெல் நின்றுவிடும். ஆக, அடிக்காத வாத்தியாருக்குத்தான் ஊரில் கெட்ட பெயர். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை மாட்டுக்கு மட்டும் சொல்லி யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

இங்கே சட்டாம்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் மாணவர்களிலேயே மூத்தவன். சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, வராதவனைப் பிடித்து வருவது, வாத்தியார் இல்லாதபோது பிரம்பை எடுத்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் பிரம்பையும் அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ் மொழியே சாட்சி சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் "சட்டாம்பிள்ளைத்தனம்" என்ற சொல் போகவில்லை. பலவீனமானவர்களை மிரட்டி நாட்டாமை செய்கிறவனுக்கு அதுதான் பெயர். பத்திரிகைக்காரர்கள் அமெரிக்காவையே "உலகச் சட்டாம்பிள்ளை" என்று எழுதுகிறார்கள். மாணவனை மாணவன் துன்புறுத்துவது ஏதோ சினிமா வந்த பிறகு, செல்போன் வந்த பிறகு முளைத்த நோய் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லை யோசிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சட்டாம்பிள்ளை முறை கப்பலேறி இங்கிலாந்துக்கும் போனது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஸீகன்பால்கு, தமிழ் எழுத்து கற்பதற்காகச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு எண்பது வருஷம் கழித்து, 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியாரும் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். மணல் எழுத்தையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் தன் பள்ளியில் புகுத்தினார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆனால் பெல் ஒரு காரியம் செய்தார். அடியைக் குறைப்பதற்காகக் குற்றங்களைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்து, மாணவர்களையே ஜூரியாக உட்கார வைத்து விசாரிக்கச் செய்தார். அவருக்குப் போட்டியாகப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பு வேண்டாம் என்றவர்தான். ஆனால் அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும், கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிடுவதும். பிரம்பை எடுத்துவிட்டு அவமானத்தை வைத்தார். இந்தப் பண்டமாற்று பின்னாலும் நடக்கப்போகிறது.

சர்க்கார் பள்ளிக்கூடம் வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 1860களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் "ரிசல்ட்" பார்த்து மானியம் தரும் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அத்தனை பேருக்கு மானியம். முன்பு வாத்தியாரின் நெல் பெற்றோர் கையில் இருந்தது. இப்போது அவர் காசு இன்ஸ்பெக்டர் கையில். இடையில் மாட்டிக்கொண்ட மந்தமான பையனின் முதுகுதான் இரண்டு காலத்திலும் பொது. வெள்ளைக்காரன்தான் பிரம்பைக் கொண்டுவந்தான் என்பதும் சரியில்லை, பழைய பள்ளிக்கூடம் எல்லாம் அன்பு மயம் என்பதும் சரியில்லை. இரண்டு பிரம்பும் ஒன்றாகக் கட்டப்பட்டதுதான் நமக்குக் கிடைத்தது.

இவ்வளவும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடிந்த பிள்ளைகளின் கதை. டெல்டாவில் அதற்கு வெளியே இன்னொரு அடியும் இருந்தது. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. அவர்கள் சின்ன வயதிலேயே பண்ணையில் மாடு மேய்க்கப் போனார்கள். தப்பு செய்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள் அனுபவித்த இந்தத் தண்டனைகள் 1940களில் பி.சீனிவாசராவ் முதலியோர் விவசாயிகள் சங்கத்தைக் கட்டிப் போராடிய பிறகே ஒழிந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. 1920களில் லேபர் இலாகா ஆதிதிராவிடர் குழந்தைகளுக்கென்று தனியாகப் பள்ளிகள் திறந்தது ("லேபர் ஸ்கூல்" என்றே பெயர்). வயலில் சவுக்கு, வகுப்பில் பிரம்பு என்று இரண்டையும் பார்த்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. மேல்சாதிப் பையனுக்கு வாத்தியாரின் அடி ஒழுக்கம் சொல்லித் தரும் சடங்காக இருந்திருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு அது பண்ணையாரின் அடி மாதிரியேதான் தெரிந்திருக்கும்.

காமராஜர் காலத்தில் (1954-63) கிராமந்தோறும் பள்ளிக்கூடம் வந்தது, 1956இல் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. அதுவரை பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தங்கவில்லை. டெல்டாவின் விவசாயம் இதில் ஒரு பங்கு வகித்தது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன்தான். குறுவை நடவுக்கு அம்மா போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். சம்பா நடவுக்கு மறுபடி லீவு, தை அறுவடைக்கு மறுபடி லீவு. நாலு நாள் கழித்து வகுப்புக்கு வந்தால் "எங்கடி போனே?" என்று கையை நீட்டச் சொல்வார்கள். பாடமும் போயிருக்கும், வீட்டுக் கணக்கும் முடிந்திருக்காது. அதற்கு இரண்டு அடி. அடுத்த தடவை நாலு நாள் பத்து நாளாகும். பத்து நாளாகிவிட்டால் வாசல் வரை வந்து திரும்பிப் போகத்தான் கால் வரும். "படிப்பு ஏறல" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ரிஜிஸ்தரில் "இடைநின்றவர்" என்று எழுதிவிடுவார்கள். பயத்தால் நின்றது என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆந்திரப் பிரதேசம், எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய நாலு இடங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த "யங் லைவ்ஸ்" ஆய்வில், ஆந்திரத்தில் 8 வயதுக் குழந்தைகளில் 78 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரே வாரத்தில் ஆசிரியரிடம் அடி வாங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு அதிகமாக வந்த பதில், ஆசிரியரும் சக மாணவரும் அடிப்பதும் திட்டுவதும். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10இல் ஏழு மாநிலங்களில் 6,632 குழந்தைகளிடம் விசாரித்தது. எந்தத் தண்டனையும் பெற்றதில்லை என்று சொன்னவர்கள் மொத்தம் 9 பேர். அந்த ஆய்வில் அடியை விடக் கவலை தருவது வேறொன்று. உனக்குப் படிப்பு வராது என்று முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டவர்கள் 81 சதவீதம். பிரம்படியின் தழும்பு ஒரு வாரத்தில் மறையும். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வார்த்தை, தகப்பன் உண்மையிலேயே மாடு மேய்க்கிற பையனுக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. போலந்து 1783லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 1987இல்தான் பிரம்பு போனது. அதற்கு முந்தின வருஷம் மக்கள் சபையில் 231க்கு 230 என்று ஒரே ஓட்டில் தேறிய சமாச்சாரம் அது! இந்தியாவில் 2000 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தில்லிப் பள்ளி விதிகளில் இருந்த அடிக்கும் அனுமதியை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2003 ஜூனில் கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு, திருத்துகிறேன் என்ற பெயரில் குழந்தையின் உடம்பையோ மனதையோ நோகச் செய்யக் கூடாது என்றானது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுக்க அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். மீறினால் துறை நடவடிக்கை என்பதோடு அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது. கடுமையான கொடுமை என்றால் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவுக்குப் போக வேண்டும்.

பிரம்பு பெரும்பாலும் மேஜையை விட்டுப் போய்விட்டது என்பது உண்மை. போன இடத்தில் லங்காஸ்டரின் கூடை வந்து உட்கார்ந்துகொண்டது. முட்டி போடுவது, பெஞ்சு மேல் ஏறி நிற்பது, நூறு தடவை இம்போசிஷன், மார்க் குறைந்தவர்களுக்கு வகுப்பில் தனி வரிசை. ரிசல்ட் மானியம் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் "சென்டம்" என்ற பெயரில் அதன் ஆவி உலவிக்கொண்டிருக்கிறது.

அடி போனதால்தான் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றதை அவர்கள் மறக்கவில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள். இதைப் பிரம்பு தடுத்திருக்குமா? கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்கும் பிரம்புக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறும் பொட்டும் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், பெரிய பள்ளிகளுக்கு நலன் பார்க்கும் அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. ஒன்றுகூடத் தண்டனை அல்ல, எல்லாமே பள்ளிக்கூடத்தின் அன்றாட ஏற்பாடு பற்றியவை.

அன்றாட ஏற்பாட்டை மாற்றினால் அடி குறையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் திட்டம். முதல் நாலு வகுப்புகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படித்தார்கள். டீச்சரும் பாயில் அவர்களோடு உட்கார்ந்தார். நடவுக்குப் போய் வந்த பெண் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம், வகுப்பே முன்னால் ஓடிவிட்டது என்ற பிரச்சினை இல்லை. அடிக்க வேண்டிய சந்தர்ப்பமே குறைந்துபோகும் ஏற்பாடு இது. பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்ற குறைகளும் அதன்மீது சொல்லப்பட்டன. பின்னால் வேறு திட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் தரையில் உட்கார்ந்த டீச்சர் கையில் பிரம்பு பொருந்தாது என்பதை அது காட்டிவிட்டுத்தான் போனது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தோலை உரிக்கச் சொன்ன தகப்பனின் பேத்தி இப்போது அந்தக் குழுவில் உறுப்பினராக உட்காரலாம். புகார் சொல்ல 1098 என்ற எண் இருக்கிறது, தமிழ்நாட்டுக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் 2018இல் வந்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை எல்லாப் பள்ளிகளிலும் அமல்படுத்தவும், பள்ளிதோறும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரோடு அந்தக் குழுவில் மூத்த மாணவர்களுக்கும் இடம் உண்டு.